சத்திரக்காரனைத் தேடுங்கள்





விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எங்கள் சபை வாலிபர்கள் நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போகிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம். படிப்பு முடித்த மகன் ஒரு மாதம் கென்யா போய் ஊழியம் செய்ய ஆசைப்படுகிறான், அனுப்பலாமா என்று இன்னொன்று. இந்த முறை வந்தவற்றில், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதியிருந்த கடிதத்தை என்னால் எளிதில் மடித்து வைக்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் துறைமுகத்தில் நிற்கும் மருத்துவமனைக் கப்பலில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்ய அந்தப் பெண் விண்ணப்பித்திருக்கிறாள். விமானக் கட்டணம், காப்பீடு, தங்கும் செலவு எல்லாம் அவள் பொறுப்பு. அதற்காகவே சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்திருக்கிறாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "இங்கே இல்லாத ஏழையா? பக்கத்துத் தெருவில் பார்க்காததை ஆப்பிரிக்காவில் போய்ப் பார்க்கப் போகிறாயா?" என்று கேட்கிறார்களாம். போதகர் ஜெபித்து வாழ்த்தியிருக்கிறார். ஆனால் அவளுடைய சொந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை: "இரண்டு மாதத்தில் நான் என்ன செய்துவிட முடியும்? போய் வந்ததாக ஒரு பெயர்தானே மிஞ்சும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் போகத் தகுதியானவள் என்பது என் முதல் எண்ணம். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் அவளுக்கான பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெர்சி ஷிப்ஸ் என்ற இந்தக் கிறிஸ்தவ ஊழியத்தை 1978-ல் தொடங்கியவர்கள் டான், டியோன் ஸ்டீஃபன்ஸ் தம்பதியர். அவர்கள் முதலில் வாங்கிய கப்பல் இத்தாலியில் கட்டப்பட்ட 'விக்டோரியா'. ஒரு காலத்தில் நம் பம்பாய் வழியாகக் கிழக்கு நாடுகளுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல் அது. பழைய இரும்பு விலைக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்கு, அதை வாங்கினார்கள். கிரேக்கக் கடற்கரையில் நிறுத்தித் துருவைச் சுரண்டி, குழாய் மாற்றி, அறைகளைப் பிரித்து, மருத்துவமனையாக்கிக் கடலில் இறக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1982-ல் 'அனஸ்தாசிஸ்' என்ற புதுப் பெயரோடு அது புறப்பட்டது. கால் நூற்றாண்டு உழைத்துவிட்டு 2007-ல் குஜராத்தின் அலங் கரைக்கு உடைப்பதற்காக வந்து சேர்ந்தது. அதன் இடத்துக்கு டென்மார்க்கில் ரயில்பெட்டிகளை ஏற்றிக் கடல் கடந்த ஒரு கப்பல் மாற்றிக் கட்டப்பட்டு 'ஆப்பிரிக்கா மெர்சி' ஆக வந்தது. அந்த நர்ஸ் விண்ணப்பித்திருக்கும் 'குளோபல் மெர்சி', மருத்துவமனையாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 174 மீட்டர் நீளம், ஆறு ஆபரேஷன் தியேட்டர்கள். 2023 ஆகஸ்டில் சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு வந்தது.

அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அறுவை மருத்துவர் முதல் சமையற்காரர் வரை, தங்கும் செலவையும் உணவுச் செலவையும் தாங்களே கட்டிவிட்டு வேலை செய்கிறார்கள். மருத்துவமனை என்றதும் நாம் டாக்டரையும் நர்ஸையும் மட்டும்தான் நினைக்கிறோம். ஆனால் ஏசி நின்றால் தியேட்டர் நின்றுவிடும், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வார்டு நின்றுவிடும். அதனால் வெல்டர் வேண்டும், பிளம்பர் வேண்டும், பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகளுக்காகக் கப்பலுக்குள் பள்ளிக்கூடமும் உண்டு, அதற்கு ஆசிரியர்கள் வேண்டும்.

நோயாளிகள் யார்? நம் ஊரில் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் பிறந்தநாளுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வாய்ப்பு உண்டு. தாடையில் சிறு கட்டி வந்தால் பல் மருத்துவரே ஆரம்பத்தில் கண்டுபிடித்து எடுத்துவிடுவார். எடுக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கட்டி வருடக்கணக்கில் வளர்கிறது. அது புற்றுநோய் அல்ல, இருந்தாலும் வளர்ந்து வளர்ந்து வாயை அடைத்து, மூச்சை நிறுத்திவிடும். அப்படிப்பட்டவர்கள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கப்பலுக்கு வருகிறார்கள். கால் வளைந்த குழந்தைகள், தீக்காயம் பட்டுக் கழுத்தும் மார்பும் ஒட்டிக்கொண்டவர்கள், கண்புரையால் பார்வை போனவர்கள் எல்லோரும் வருகிறார்கள். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் உலகத்தில் 500 கோடிப் பேர் என்று லான்செட் ஆணையம் 2015-ல் கணக்கிட்டது. அந்தக் கணக்குக்கு முன்னால் ஒரு கப்பல் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் முகத்துணியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பார்க்கிறவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

தூத்துக்குடியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற நம் வாசகர் ஒருவர் இந்தக் கப்பலில் சில மாதம் வேலை செய்து திரும்பியவர். போன வருடம் நம் அலுவலகத்துக்கு வந்து ஒரு பிற்பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே ரத்த வங்கி என்பது ஊழியர்களின் உடம்புதான் என்றார். தேவை வரும்போது அந்த வகை ரத்தம் உள்ளவரைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இவருக்கு அழைப்பு வந்தது. போய்ப் படுத்து, கொடுத்துவிட்டு வந்து, மறுநாள் காலை வழக்கம்போல ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து வார்டில் விளக்குகளைச் சரிபார்க்கப் போனபோது, தாடைக் கட்டி எடுக்கப்பட்ட அம்மா ஒருவரைக் காட்டி, உங்கள் ரத்தம் இவருக்குத்தான் போனது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். முகத்தில் கட்டோடு இருந்த அந்த அம்மா, மொழிபெயர்ப்பாளர் மூலமாக இவருடைய பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டிருக்கிறார். இரண்டு பெயரையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, தன் தொழுகையில் அவர்களைச் சொல்வதாகச் சொன்னாராம். அந்த நாட்டில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அந்த அம்மாவும் முஸ்லிம்.

இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். ஆனால் என் மனம் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் போய் நின்றுவிட்டது. ஃப்ரீடவுனைச் சேர்ந்த இளைஞர். கிரியோ, டெம்னே, மெண்டே என்று அந்த ஊர் மொழிகள் அவருக்குத் தெரியும். "வலிக்கிறதா?" என்று கேட்பதற்குக் கூட உலகமெங்குமிருந்து வந்த நர்ஸ்களுக்கு அவர் வேண்டும். நர்ஸ் இரண்டு மாதத்தில் போய்விடுவார், எலெக்ட்ரீஷியன் ஊர் திரும்பிவிட்டார், கப்பலும் ஒருநாள் நங்கூரத்தை எடுத்துவிடும். அந்த இளைஞர் அங்கேயே இருப்பார்.

நல்ல சமாரியன் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஞாயிறு பள்ளியில் நாடகமாகக்கூட நடித்திருப்போம். அடிபட்டவன், ஆசாரியன், லேவியன், சமாரியன் என்று எல்லா வேடத்துக்கும் போட்டி இருக்கும், சத்திரக்காரனாக நிற்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். ஆனால் கதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சமாரியன் ஒரு பயணி. காயம் கட்டினான், தன் மிருகத்தின்மேல் ஏற்றினான், ஒரு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் அவன் புறப்பட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு கட்டை அவிழ்த்துப் புதுக் கட்டுப் போட்டது யார்? கஞ்சி கொடுத்தது யார்? காய்ச்சல் வந்த இரவில் விழித்திருந்தது யார்? அந்தச் சத்திரக்காரனின் பெயர் வேதத்தில் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. சமாரியனின் அன்பு எவ்வளவு உண்மையானது என்பதற்கு எனக்குத் தெரிந்த சான்று, போகும்போது சத்திரக்காரன் கையில் அவன் பணம் கொடுத்ததும், கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னதும்தான். தான் போனபிறகும் கவனிப்பு நிற்கக்கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான்.

குறுகிய கால ஊழியப் பயணம் போகிற ஒவ்வொருவரும் இந்தச் சமாரியனின் இடத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே நான் கேட்கிற முதல் கேள்வி, "எங்கே போகிறாய்?" என்பது இல்லை. "அங்கே சத்திரக்காரன் யார்?" என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஹோண்டுராஸ் ஒரு பாடம். 1998 அக்டோபர் கடைசியில் மத்திய அமெரிக்காவைத் தாக்கிய மிட்ச் புயலில் அந்தச் சிறு நாட்டில் மட்டும் சுமார் 7,000 பேர் இறந்தார்கள். வட அமெரிக்கச் சபைகள் உருகிப்போய்க் குழு குழுவாக வாலிபர்களை வீடு கட்ட அனுப்பின. ஹோண்டுராஸிலேயே நெடுங்காலம் குடியிருந்த கிறிஸ்தவச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் இதைப் பின்னாளில் ஆராய்ந்தார். விமானச் செலவும் சேர்த்து ஒரு வீட்டுக்கு அந்தக் குழுக்கள் சராசரியாக 30,000 டாலர் செலவிட்டிருந்தன. அதே வீட்டை அந்த ஊர்க் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டியது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையில், வெளிநாட்டார் கட்டியதா உள்ளூரார் கட்டியதா என்பதால் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. போய் வந்தவர்களிடமாவது காணிக்கை, ஜெபம், ஏழைகள்மேல் அக்கறை என்று நிலைத்த மாற்றம் வந்ததா என்று பார்த்தால், அதுவும் சொற்பம்தான்.

படிக்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் அன்பில் நான் குறை காணவில்லை. ஆனால் வெயிலில் செங்கல் அடுக்கத் தெரிந்த, புயலில் வேலையும் இழந்த கொத்தனார்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்திருந்தால் வீடும் கிடைத்திருக்கும், அடுப்பும் எரிந்திருக்கும். ஆகவே என் அளவுகோல் இதுதான்: அந்த ஊர்க்காரர் செய்யக்கூடிய வேலையை நாம் டிக்கெட் எடுத்துப் போய்ச் செய்யக்கூடாது. சுவருக்கு வெள்ளையடிக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. தாடைக் கட்டியை எடுக்கும் கை அந்த நாட்டில் இன்னும் போதுமான அளவு இல்லை என்றால், அந்தக் கை கடல் தாண்டலாம். கடல் தாண்டிய கை, போகிற வரை அங்கே இருக்கும் இன்னொரு கைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் இல்லங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியப் பயணம் என்றாலே அநாதை இல்லத்துக்குப் போய்ப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மிட்டாய் கொடுத்து, மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்து வருவது என்று பல சபைகளில் ஆகிவிட்டது. கம்போடியாவிலும் ஹைட்டியிலும் ஆராய்ந்து பார்த்தபோது இந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வறுமையால் பெற்றோர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். வெளிநாட்டு விருந்தாளிகளின் பணத்தை நம்பியே சில இல்லங்கள் பெருகியிருந்தன. வாரத்துக்கு ஒரு புது அக்கா, புது அண்ணன் வந்து கட்டியணைத்துவிட்டுக் காணாமல் போவதை அந்தக் குழந்தை எத்தனை முறை தாங்கும்? அந்தப் பயணங்களை நான் ஆதரிக்கவில்லை. அந்தப் பணத்தைப் பிள்ளையின் பெற்றோர் பிழைக்க வழி செய்யும் ஊழியங்களுக்குக் கொடுங்கள்.

குறுகிய காலத்துக்கென்று போய்ச் சரியாக வேலை செய்தவர்களும் உண்டு. என் மனதுக்கு மிக நெருக்கமானவர் டாக்டர் கேத்தரின் ஹாம்லின். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர். 1959-ல் கணவர் ரெஜினால்டோடு எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குப் போனார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவது வேலை, மூன்று வருட ஒப்பந்தம். அங்கே அவர்கள் கண்ட பெண்கள் யாரென்றால், பிரசவ வலி நாட்கணக்கில் நீடித்து, உதவிக்கு ஆளில்லாமல், குழந்தையும் இறந்து, உள்ளே சதை கிழிந்து, இடைவிடாமல் சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பவர்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். நாற்றம் தாங்காமல் கணவன் தள்ளி வைத்துவிடுவான், ஊர் ஒதுக்கிவிடும். ஹாம்லின் தம்பதியர் ஒப்பந்தம் முடிந்தும் திரும்பவில்லை. 1974-ல் இந்தப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தார்கள். கணவர் 1993-ல் காலமானார். கேத்தரின் 2020 மார்ச்சில், தம் 96-ஆம் வயதில், அதே ஊரில் கண்மூடினார். அதற்குள் அங்கே சிகிச்சை பெற்ற பெண்கள் 60,000-க்கும் மேல்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவரிடம் நோயாளியாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி. மாமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். பதின்ம வயதில், முதல் பிரசவத்தில் குழந்தையை இழந்து, உடல் சிதைந்து 1960களின் தொடக்கத்தில் ஹாம்லின் தம்பதியரிடம் வந்து சேர்ந்தார். தேறியபிறகு அங்கேயே படுக்கை விரித்துக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றவரிடம் ஒருநாள் கத்தியையே கொடுத்தார்கள். மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காத அவர் உலகின் தேர்ந்த ஃபிஸ்டுலா அறுவை நிபுணர்களில் ஒருவரானார். பட்டம் பெற்ற மருத்துவர்களே அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவளே சத்திரக்காரியாக எழுந்து நின்றாள். இதைவிட நல்ல ஊழியப் பலன் எனக்குத் தெரியாது.

சியரா லியோனுக்கே திரும்புகிறேன். கப்பல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஃப்ரீடவுனின் கிஸ்ஸி பகுதியில் ஒரு மெதடிஸ்ட் மருத்துவமனை இருந்தது. அதன் தலைமை மருத்துவர் மார்ட்டின் சாலியா, அந்த நாட்டு மண்ணின் மகன். ஆப்பிரிக்க இளைஞர்களை ஆப்பிரிக்காவிலுள்ள மிஷன் மருத்துவமனைகளிலேயே அறுவை மருத்துவர்களாக்கும் கிறிஸ்தவப் பயிற்சித் திட்டம் ஒன்று 1990களில் தொடங்கியது. அதில் பயின்றவர் இவர். மனைவி மக்கள் அமெரிக்காவில். அவருக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது, விரும்பியிருந்தால் அங்கேயே இருந்திருக்கலாம். அவர் ஃப்ரீடவுனில் இருந்தார். 2014-ல் எபோலா வந்தது. அந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 4,000 உயிர்களைக் கொண்டுபோன கொள்ளைநோய் அது. நவம்பரில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் பரிசோதனையில் எபோலா இல்லை என்று வந்ததும் உடன் வேலை செய்தவர்கள் மகிழ்ந்துபோனார்கள். சில நாளில் மறுபரிசோதனையில் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் ஒமாஹாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். 2014 நவம்பர் 17 அன்று இறந்தார். வயது 44.

வெளியிலிருந்து வந்து உயிர் கொடுத்தவர்களை நாம் மிஷனெரி என்று மதிக்கிறோம், மதிக்கத்தான் வேண்டும். தன் ஊரை விட்டுப் போகாமல் நின்று உயிர் கொடுத்தவரையும் அதே வரிசையில் வைக்க நம் சபைகள் பழகவேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டில் படித்த விஷயம் மட்டும் இல்லை. நாம் பெற்றுக்கொண்டவர்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு நின்றிருந்தால், அவர் போனதும் அது மூடியிருக்கும். அவர் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்றுக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலம் படித்தவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுவதைப் பார்த்தவர், தமிழிலேயே கற்பிக்கத் தீர்மானித்தார். அதற்காகத் தமிழ் படித்தார். உடற்கூறு, பிரசவ மருத்துவம், அறுவை மருத்துவம், வேதியியல் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்கினார். உடன் உழைத்தவர்கள் அவருடைய தமிழ் மாணவர்கள். 1873-ல் நாடு திரும்பியபோது அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கிவிட்டிருந்தார். திரும்பிய பிறகும் தமிழ்ப் பணியை விடவில்லை. யாழ்ப்பாணக் கிராமங்களில் நாடி பார்த்தவர்கள் அவருடைய மாணவர்களும் அவர்களிடம் கற்றவர்களும்தான். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேலூரையும் எண்ணிப் பாருங்கள். ஐடா ஸ்கடர் 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தது நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான். கொஞ்ச நாளில் அமெரிக்கா திரும்பும் எண்ணம். பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்ட ஓர் இரவு அவரை மாற்றியது என்பது நீங்கள் அறிந்த கதை. அவர் டாக்டராகத் திரும்பி வந்ததோடு விடவில்லை. வேலூரில் 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று நம் வீட்டுப் பெண்களின் கையில் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று நம் மாவட்டங்களில் இருந்து உலகமெங்கும் செவிலியர்கள் போகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இப்படிக் கற்றுக் கொடுத்தவர்களின் நீண்ட வரிசை இருக்கிறது.

இப்போது அந்தக் கன்னியாகுமரி மகளுக்கு.

மகளே, நீ போய் வா. உன் கையில் தொழில் இருக்கிறது. பவுல் கொரிந்துவுக்குப் போனபோது கூடாரம் தைக்கும் தொழில் அவர் கையில் இருந்தது, அதே தொழில் செய்தவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார். தொழில் தெரிந்தவன் எந்த ஊரிலும் பாரமாக இருக்கமாட்டான். நீ தியேட்டரில் நிற்கும்போது பக்கத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் அந்த நாட்டு நர்ஸ் நிற்பாள். கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, எண்ணி அடுக்குவதை நீ இத்தனை வருடமாகச் செய்கிறாய், உனக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகியிருக்கும். அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடு. ஆபரேஷன் முடிந்த நோயாளியைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் பலமுறை அந்தச் சின்ன வேலைதான் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளிடமிருந்து நீயும் கற்றுக்கொள். கரண்டு போன இரவில், மருந்து தீர்ந்துபோன வார்டில் நோயாளியை எப்படிக் காப்பாற்றினாள் என்று கேள். அந்த அறிவு நம் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்காது.

உன் அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. பக்கத்துத் தெருவைக் கடந்துதான் ஆப்பிரிக்கா போகவேண்டும். போவதற்கு முன்னும் வந்த பிறகும் உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டோடு கிடக்கும் முதியவர்கள் இடத்திலோ மாதத்தில் ஒரு நாளாவது கொடு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. இங்கே செய்யாதவர் அங்கே போய்ச் செய்வது கடினம். இங்கே செய்கிறவரை அங்கே போகவிடாமல் தடுப்பதும் சரியில்லை.

இன்னும் ஒன்று. வார்டில் நீ எடுக்கும் படத்தைப் பற்றி யோசி. முகக் கட்டியோடு வந்த ஒரு தாயின் படம் உன் போனில் இருந்து சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது, அந்தத் தாய் நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அனுப்புவாயா என்று கேட்டுக்கொள். கேட்டுவிட்டு அனுப்பாதே.

சபைப் பெரியவர்களுக்கும் பணிவாக ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய சிகிச்சையும் அரிசியும் எந்த நிபந்தனையோடும் போகக்கூடாது. ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் மாத்திரை என்று சொல்கிற குழு ஆண்டவருடைய பெயரை அவமதிக்கிறது. பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கியவர், திரும்பி வராத ஒன்பது பேரின் சுகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருக்கும் செனகலிலும் கினியிலும் மெர்சி ஷிப்ஸ் கப்பல்கள் சிகிச்சை தந்திருக்கின்றன. எவரிடமும் மதம் கேட்டு வரிசை பிரிக்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று நோயாளி தானாகக் கேட்டால், அப்போது விசுவாசத்தைச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை.

பயணக் குழுவை அனுப்பும் சபைகள் இந்த வருடம் ஒரு காரியம் செய்யுங்கள். டிக்கெட்டுக்கு எடுத்துவைக்கும் பணத்துக்கு ஈடாக, அந்த ஊரில் வேலை செய்யும் நர்ஸுக்கோ ஆசிரியருக்கோ சுவிசேஷகருக்கோ சம்பளத்துக்காக இன்னொரு தொகையையும் எடுத்து வையுங்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் பத்துப் பேருக்குப் பதில் ஐந்து பேரை அனுப்புங்கள். ஐந்துக்கும் போதாது என்றால் ஒருவரும் போகவேண்டாம், சம்பளத்தை மட்டும் அனுப்புங்கள். போகிறவர்கள், அந்த ஊர்ச் சபை கேட்ட வேலையை, அவர்கள் கேட்ட மாதத்தில், அவர்களுடைய தலைமையின் கீழ் செய்யுங்கள். நம் பள்ளி விடுமுறை அவர்களுக்கு விதைப்புக் காலமாக இருக்கலாம். அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊழியப் பயணம் போய் வந்த வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவங்களை இதுவரை நிறையவே வெளியிட்டிருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து வேறொன்றை வெளியிட விரும்புகிறேன். நீங்கள் திரும்பி வந்த பிறகும் அங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அவர் யார், காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அவருக்கு இப்போது எது குறைவாக இருக்கிறது என்று அவரிடமே கேட்டு, அவருடைய சம்மதத்தோடு எழுதி அனுப்புங்கள். அவருக்குத் தேவையானதை நம் வாசகர் குடும்பம் சேர்ந்து செய்யலாம்.

அன்புடன்,
ஆசிரியர்